பக்கத்து வீட்டு கார் ஏறி வளர்ப்பு நாய் செத்தால் யார் பொறுப்பு? ஜெயில் உண்டா? நஷ்டஈடு கிடைக்குமா?

தஞ்சாவூர்,-

வீட்டு வாசலில் நாய் படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காரை பின்பக்கமாக எடுக்கிறார். "வீல்" என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் டயருக்கு அடியில் நாய் பரிதாபமாக செத்துக் கிடக்கிறது.

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான் இது. அதுக்கு அப்புறம் தெருவே இரண்டுபடும். "வேணும்னே ஏத்திட்டான், உள்ளே தள்ளாம விடமாட்டேன்" என்று ஒரு பக்கம். "நாய்தானே, அதை ரோட்டுல விட்டது யார் தப்பு?" என்று இன்னொரு பக்கம்.

இதில் சட்டம் யார் பக்கம்? போலீசுக்கு போனால் என்ன நடக்கும்? காசு கிடைக்குமா? விவரம் வருமாறு:-

கன்றுக்குட்டிக்கு நியாயம் கேட்ட ஊர்

வண்டி ஏறி வாயில்லா ஜீவன் செத்த வழக்கு என்றால் டெல்டாக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது திருவாரூர்தான். மனுநீதிச்சோழனின் மகன் ஓட்டிவந்த தேரில் சிக்கி கன்றுக்குட்டி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்து நியாயம் கேட்டது. பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மன்னன் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. திருவாரூரில் அதற்கு கல்தேர் இருக்கிறது. சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் மனுநீதிச்சோழனுக்கு சிலையும் இருக்கிறது.

ஆனால் இன்றைய சட்டம் அப்படி இல்லை. இளவரசன் வேண்டுமென்றே ஏற்றினானா, தெரியாமல் நடந்ததா என்பதுதான் இன்றைய கோர்ட்டு கேட்கும் முதல் கேள்வி. தெரியாமல் நடந்தது என்றால் ஜெயில் கிடையாது. ஆனால் அலட்சியமாக ஓட்டியிருந்தால் நஷ்டஈடு உண்டு. இந்த இரண்டையும் போட்டு குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஜெயிலுக்கு அலைந்து, கிடைக்க வேண்டிய பணத்தையும் கோட்டை விடுகிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் உடைமை

வீட்டில் நாய் பிள்ளை மாதிரி. சட்டத்தில் அது 'உடைமை'. சைக்கிள், டி.வி., ஆடு, மாடு போல அதுவும் ஒருவருக்கு சொந்தமான பொருள் என்றுதான் கணக்கு. கேட்க கஷ்டமாக இருந்தாலும், நஷ்டஈடு கேட்க வழி கிடைப்பதே இந்த கணக்கினால்தான்.

வண்டியை கண்மண் தெரியாமல் ஓட்டுவது குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு பழைய இந்திய தண்டனை சட்டத்தில் 279 ஆக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 281. இதற்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அந்த பிரிவு மனித உயிருக்கு ஆபத்து, மனிதருக்கு காயம் என்றுதான் பேசுகிறது. நாய் அதில் வராது. இதை இரண்டு ஐகோர்ட்டுகள் அடித்துச் சொல்லிவிட்டன.

பெங்களூர் வழக்கில் நடந்தது என்ன?

பெங்களூரில் 2018 பிப்ரவரியில், வீட்டார் வாக்கிங் கூட்டிப்போன வளர்ப்பு நாய் மீது கார் மோதியது. நாய் செத்துப்போனது. கார் நிற்காமல் போய்விட்டதாக வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். தாறுமாறாக ஓட்டியது, விலங்கை கொன்றது, விபத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதை செய்யாதது என்று பல பிரிவுகளில் வழக்கு பாய்ந்தது.

கார் ஓட்டியவர் கர்நாடக ஐகோர்ட்டுக்கு போனார். 2022 அக்டோபரில் கோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. கோர்ட்டு சொன்ன காரணங்கள் இவைதான்:

தாறுமாறாக ஓட்டும் குற்றம் மனிதருக்கு ஆபத்து வந்தால்தான் பொருந்தும்.

மோட்டார் வாகன சட்டத்தின் 134-வது பிரிவில் டிரைவருக்கு சொல்லப்பட்ட கடமைகளும் மனிதர் காயம்பட்டால்தான், விலங்குக்கு அல்ல.

விலங்கை கொன்ற குற்றம் என்றால் கொல்லும் எண்ணம் இருக்க வேண்டும். அந்த நாய் மீது டிரைவருக்கு பகை இருந்ததாக புகாரிலேயே இல்லை.

ஆக, நாயை இழந்தவருக்கு கிரிமினல் வழக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மும்பையில் போலீசுக்கே ரூ.20 ஆயிரம் வேட்டு

மும்பையில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 ஏப்ரலில் மரைன் டிரைவ் பகுதியில் சாப்பாடு டெலிவரிக்கு போன கல்லூரி மாணவரின் பைக் தெருநாய் மீது மோதியது. நாய் இறந்தது. மாணவரும் கீழே விழுந்து அடிபட்டார். நாய்களுக்கு சோறு வைப்பவர் ஒருவர் புகார் கொடுக்க, மாணவர் மீது வழக்கு, குற்றப்பத்திரிகை எல்லாம் ஆனது.

2022 டிசம்பரில் பாம்பே ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. நாய், பூனையை வளர்ப்பவர்கள் பிள்ளை போல பார்க்கலாம், ஆனால் அவை மனிதர் ஆகாது என்று கோர்ட்டு கூறியது. பொருந்தாத பிரிவுகளில் வழக்கு போட்டதற்காக, மாணவருக்கு ரூ.20 ஆயிரம் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அந்த பணத்தை வழக்கு போட்ட, குற்றப்பத்திரிகைக்கு அனுமதி கொடுத்த போலீஸ் அதிகாரிகளிடம் வசூலிக்கவும் சொன்னது.

இப்படி ஒரு தீர்ப்பு இருக்கும்போது, "நாய் மேல கார் ஏத்திட்டான், எப்.ஐ.ஆர். போடுங்க" என்றால் போலீசார் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. மற்ற மாநில ஐகோர்ட்டு தீர்ப்புகள் தமிழ்நாட்டு கோர்ட்டுகளை கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்த இரண்டு தீர்ப்பைத்தான்.

வேண்டுமென்றே ஏற்றினால் 5 ஆண்டு

சரி, பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே ஏற்றியிருந்தால்? அப்போது கதையே வேறு.

பழைய சட்டத்தில் விலங்குக்கு விலை கட்டி தண்டனை இருந்தது. 10 ரூபாய் பெறுமான விலங்கை கொன்றால் 2 ஆண்டு வரை ஜெயில். மாடு போன்றவை அல்லாத விலங்கு 50 ரூபாயோ அதற்கு மேலோ பெறும் என்றால் 5 ஆண்டு வரை. 1860-ம் ஆண்டு போட்ட கணக்கு அது.

புதிய சட்டத்தின் 325-வது பிரிவில் அந்த விலைக்கணக்கை தூக்கிவிட்டார்கள். எந்த விலங்காக இருந்தாலும், கெடுதல் செய்யும் நோக்கத்தில் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். வாங்கிய ராஜபாளையம் நாய்க்கும், தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் ஒரே தண்டனைதான்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். அடுத்தவருக்கு நஷ்டம் வரவேண்டும் என்ற எண்ணமோ, இப்படி செய்தால் நஷ்டம் வரும் என்று தெரிந்தே செய்ததோ இருந்தால்தான் இந்த பிரிவு நிற்கும். "உன் நாயை ஒருநாள் வண்டி ஏத்தி கொல்றேன் பாரு" என்று முன்பு மிரட்டியது, அதை கேட்ட சாட்சி, வாட்ஸ்-அப்பில் அனுப்பிய குரல் பதிவு, காரை நிறுத்தி, பார்த்து, மறுபடி ஏற்றிய கேமரா காட்சி. இப்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

பெங்களூர் ஜெயநகரில் 2022 ஜனவரியில் தூங்கிக்கொண்டிருந்த தெருநாய் மீது ஒரு வாலிபர் சொகுசு காரை ஏற்றிய காட்சி கேமராவில் பதிவாகி நாடு முழுக்க பரபரப்பானது. அந்த வாலிபரை போலீசார் கைது செய்தார்கள். கேமரா காட்சி மட்டும் இல்லை என்றால் அதுவும் 'விபத்து' என்றே முடிந்திருக்கும்.

50 ரூபாய் அபராதம்

மிருகவதை தடுப்பு சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். 1960-ல் வந்த சட்டம் அது. அதில் விலங்கை கொடுமைப்படுத்தினால் முதல் தடவைக்கு அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரைதான். 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் ரூ.25 முதல் ரூ.100 வரை, அல்லது 3 மாதம் வரை ஜெயில். ஒரு டீ, வடை செலவுதான் முதல் அபராதம். அதுவும் கொடுமை செய்தவருக்குத்தான். எதிர்பாராமல் மோதிய டிரைவருக்கு பொருந்துவது கடினம்.

பணம் எங்கே கிடைக்கும்?

இப்போது முக்கியமான விஷயம். காரோட்டி வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் பார்க்காமல் அலட்சியமாக ஓட்டினார் என்றால் நாய்க்கு சொந்தக்காரர் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு எண்ணத்தை நிரூபிக்க வேண்டாம். அலட்சியத்தை காட்டினால் போதும்.

ரோட்டில் ஓடும் எல்லா வண்டிக்கும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் கட்டாயம். அது மனிதர் அடிபட்டால் மட்டும் இல்லை. அடுத்தவர் உடைமை சேதமானாலும் உண்டு. உடைமை சேதத்துக்கு கார் பாலிசியில் வழக்கமாக ரூ.7½ லட்சம் வரையும், இருசக்கர வாகனத்துக்கு ரூ.1 லட்சம் வரையும் பாதுகாப்பு இருக்கும். பிரிமியம் குறைய வேண்டும் என்று சிலர் இதை ரூ.6 ஆயிரமாக குறைத்து வாங்கியிருப்பார்கள். அப்படி என்றால் மீதியை வண்டி சொந்தக்காரர்தான் தர வேண்டும்.

இதை கேட்க வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயம். உடைமை சேதத்துக்கும் அதன் சொந்தக்காரர் மனு போடலாம் என்று மோட்டார் வாகன சட்டத்தின் 166-வது பிரிவு சொல்கிறது. விபத்து நடந்த இடத்திலோ, மனு போடுபவர் குடியிருக்கும் இடத்திலோ போடலாம். சேதம் ரூ.2 ஆயிரத்துக்கு மேல் என்றால், விருப்பப்பட்டால் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். நுகர்வோர் கோர்ட்டு இதற்கு சரிப்படாது. பக்கத்து வீட்டுக்காரர் காசு வாங்கிக்கொண்டு நமக்கு சேவை செய்பவர் இல்லை.

மராட்டிய மாநிலம் சந்திராப்பூரில் 2013-ல் பள்ளிக்கூட பஸ் மோதி ஒரு வளர்ப்பு நாய் இறந்தது. சொந்தக்காரர் விடாமல் தீர்ப்பாயத்தில் போராடினார். சில ஆண்டுகள் கழித்து அவருக்கு ரூ.1 லட்சத்து 62 ஆயிரம் தரும்படி உத்தரவானது. நாய்க்கு போய் கோர்ட்டு காசு தருமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கெடு முக்கியம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2019-ல் சட்டத்தை திருத்தினார்கள். 2022 ஏப்ரல் முதல் அது அமலுக்கு வந்தது. இந்த கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனாலும் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் பத்திரம். சிவில் கோர்ட்டு என்றால் 3 ஆண்டு அவகாசம் உண்டு.

தெருவா, வீட்டு வாசலா?

எந்த இடத்தில் நடந்தது என்பதையும் பார்ப்பார்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பொது இடத்தில் நடக்கும் விபத்துக்குத்தான் கட்டாயம். தெரு, சந்து, பொதுப்பாதை எல்லாம் பொது இடம். பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவருக்குள் நாய் போய் படுத்து, அங்கே கார் ஏறியது என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். நாய் அங்கே ஏன் போனது என்ற கேள்வியும் வரும். அப்போது வண்டிக்காரர் மீது சிவில் வழக்குதான் வழி.

நாட்டு நாய்க்கு என்ன விலை?

காசு கொடுத்து வாங்கிய நாய் என்றால் ரசீது இருக்கும். ஆனால் நம்ம பக்கம் வீடுகளில் வளர்வது பெரும்பாலும் நாட்டு நாய். பக்கத்து தெருவில் குட்டி போட்டது, தூக்கி வந்து வளர்த்தது. அதுக்கு ஏது ரசீது?

அதுக்காக விட்டுவிட வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, மருந்துக்கடை பில், நாயோடு எடுத்த பழைய போட்டோ, மாநகராட்சி, நகராட்சியில் உரிமம் எடுத்திருந்தால் அந்த சீட்டு. இதெல்லாம் 'இது என் நாய்' என்பதற்கு சாட்சி. ஆட்டுப்பட்டிக்கோ, கடைக்கோ, களத்துக்கோ காவல் இருந்த நாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். வேலை செய்யும் நாய்க்கு மதிப்பு கூடும். அடிபட்டு பல நாள் வைத்தியம் பார்த்த பிறகு இறந்தது என்றால் அந்த செலவையும் சேர்த்து கேட்கலாம்.

மனவேதனைக்கு என்று பெரிய தொகையை நம்பிப் போகக்கூடாது. கைக்காசு எவ்வளவு செலவானது, நாயின் மதிப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

நாய்க்காரர் பக்கமும் தப்பு இருக்கலாம்

நாயை கட்டாமல் மெயின்ரோட்டில் அவிழ்த்துவிட்டு, அது திடீரென்று குறுக்கே பாய்ந்தது என்றால் காரோட்டி மட்டும் எப்படி பொறுப்பாவார்? இரண்டு பக்கமும் கவனக்குறைவு என்று தெரிந்தால் அதற்கு தகுந்தபடி நஷ்டஈட்டை குறைப்பார்கள். முழுக்க நாய்க்காரர் தப்பு என்றால் ஒன்றும் கிடைக்காது.

அதோடு முடியாது. நாய் குறுக்கே வந்து பைக்கில் போனவர் விழுந்து கைகால் உடைந்தது என்றால், அவர் நாய்க்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாம். வளர்க்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருப்பது தனி குற்றம். புதிய சட்டத்தின் 291-வது பிரிவில் அதற்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. "வழக்கு போடறேன்" என்று கிளம்பும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் உஷார்

டெல்டாவில் குறுவை, சம்பா அறுவடை வந்துவிட்டால் ரோட்டிலேயே நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்கு காவலாக ஆளும் படுத்திருப்பார், கூடவே நாயும் படுத்திருக்கும். ராத்திரியில் நெல் லாரி, அறுவடை மெஷின், டிராக்டர் வந்துபோகும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளின் நாய்களும் ரோட்டை தாண்டும்.

இங்கே சட்டம் இரண்டு பக்கமும் பார்க்கும். நெல்லும் ஆளும் கிடக்கிற ரோடு என்று தெரிந்தும் வேகமாக வந்தால் டிரைவர் மீது அலட்சியம் நிற்கும். வண்டி போகும் பாதையிலேயே நெல்லை பரப்பி, நாயையும் படுக்கவிட்டால் அந்த தப்பையும் கணக்கில் எடுப்பார்கள். ஆடு, மாடு அடிபட்டாலும் இதே முறைதான். கறவை மாடு என்றால் பால் வருமானத்தை காட்டி கூடுதலாக கேட்க முடியும்.

நாயை இழந்தவர் உடனே செய்ய வேண்டியது

* உயிர் இருந்தால் முதலில் வைத்தியம். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற நம்பருக்கு போன் செய்யலாம். பக்கத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருந்தால் நேரே கொண்டுபோகலாம். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக்கல்லூரி இருக்கிறது.

* செத்துவிட்டால் ஆத்திரத்தில் உடனே புதைத்துவிடக்கூடாது. கால்நடை மருத்துவரிடம் பிரேத பரிசோதனை சான்று வாங்க வேண்டும். வண்டி ஏறித்தான் செத்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

* செல்போனில் போட்டோ எடுக்க வேண்டும். நாய் கிடந்த இடம், டயர் தடம், ரத்தம், வண்டி நம்பர் எல்லாம் தெரிய வேண்டும்.

* தெருவில் கேமரா வைத்திருக்கும் வீடு, கடைக்கு போய் பதிவை உடனே வாங்கி வைக்க வேண்டும். பல கேமராக்களில் சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

* போலீஸ் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்க வேண்டும். புகாரில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். விபத்தை 'கொலை முயற்சி' ஆக்கினால் வழக்கு பின்னால் படுத்துவிடும். வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு போகலாம்.

* வண்டியின் இன்சூரன்ஸ் எந்த கம்பெனி, பாலிசி அன்றைக்கு உயிரோடு இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காரோட்டிக்கு

நிற்காமல் ஓடுவதுதான் பெரிய தப்பு. சட்டப்படி தப்பித்தாலும் தெருக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். நாயை தூக்கி ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோவது, செலவை ஏற்பது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு தகவல் சொல்வது ஆகியவை நாளைக்கு கோர்ட்டில் 'வேண்டுமென்று செய்யவில்லை' என்பதற்கு நல்ல சாட்சி. இன்சூரன்சுக்கு சொல்லாமல் தானே பெரிய தொகையை ஒத்துக்கொண்டால், பிறகு கம்பெனி அதை தர மறுக்கலாம்.

அதேபோல, செத்தது நாய்தானே என்று நாய்க்காரர் காரை உடைப்பது, கல்லெறிவது, ஆளை அடிப்பது எல்லாம் தனித்தனி வழக்கு. நஷ்டஈடு கேட்கப்போன ஆள் ஜாமீன் கேட்டு நிற்க வேண்டி வரும்.

பேசி முடித்தால் எழுதி முடிக்கணும்

ஒரே தெருவில் காலம் முழுக்க முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள். ரூ.10 ஆயிரம், ரூ.20 ஆயிரத்துக்கு பல ஆண்டு கோர்ட்டுக்கு நடப்பதை விட பெரியவர்களை வைத்து பேசி முடிப்பதில் தப்பில்லை. ஆனால் வாய்ப்பேச்சில் விடக்கூடாது. எவ்வளவு தொகை, எந்த தேதியில் தரப்படும், அதன்பிறகு வழக்கு இல்லை என்று எழுதி, இரண்டு தரப்பும், சாட்சிகளும் கையெழுத்து போட வேண்டும்.

பேச்சு ஒத்துவரவில்லை என்றால் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற நம்பரில் போனிலும் விவரம் கேட்கலாம். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது கோர்ட்டு தீர்ப்புக்கு சமம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பணத்தை தராமல் இழுத்தடிக்கவும் முடியாது.